கமரா இல்லாமைக்குப் பத்துப் புள்ளி

என் வாழ்க்கையில் நான் நிபுணனாக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: மடிக்கணினி. அதுவும் ஒன்றரை வருஷம் மட்டுமே. அந்த ஒன்றரை வருஷத்துக்குள் தங்கச்சியின் கலியாணத்தையே குழப்பப் பார்த்தேன். அதனால் இன்றைக்கும் யாராவது "எந்தக் கொம்பனி லப்டொப் நல்லது?" என்று கேட்டால், நான் மெல்ல மழை வெயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவேன்.

சுனாமிக் கடல் அடித்த பிறகு திருகோணமலைக்கு நிவாரண நிறுவனங்கள் வந்து குவிந்தன. அவற்றோடு மடிக்கணினிகளும் வந்தன. அதற்கு முன்பு நான் கண்ட கணினி, பாதி மேசையை அடைத்துக்கொண்டு, தூசி படாமல் மேலே துணி போர்த்தியபடி இருக்கும் ஒன்றுதான். நான் வேலைக்குச் சேர்ந்த நிறுவனத்தின் கந்தோரில் நான்கு மடிக்கணினிகள் இருந்தன. நான்கும் நான்கு கொம்பனி. என் வேலை, வீடு இழந்தவர்களின் விபரங்களை ஊர் ஊராகப் போய்ப் பதிந்து வருவது. ஒரு நாள் இறக்கக்கண்டி, பாதை திறந்திருக்கும் நாட்களில் ஈச்சிலம்பற்று. காலையில் எது சும்மா கிடக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போவேன். நான்கோடும் குடும்பம் நடத்தியவன் கந்தோரில் நான் ஒருவன்தான்.

கொம்பனிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் நல்ல மாதிரி வியாபாரம் செய்துகொண்டிருக்கிறார்கள், நான் ஏன் நடுவில் போய் விழ வேண்டும்? நாங்கள் வைத்த பட்டப்பெயர்களே போதும். தலையாட்டி, தோசைக்கல்லு, வெள்ளி, கறுப்பன்.

தலையாட்டியின் மூடியைப் பிடித்திருந்த பிணைச்சல் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்துபோயிருந்தது. காற்றாடி சுழன்றால் போதும், நாம் தட்டச்சு செய்கிற எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டும். கொஞ்சம் வேகமாகத் தட்டினால் மல்லாந்து விழுந்துவிடும். அதற்குப் பின்னால் மீன் அடைத்த தகர ரின் ஒன்றை முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். ஊர்களுக்குப் போகும்போது கணினியோடு மீன் ரின்னையும் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கும் கொப்பியில் 'மீன் ரின் 1' என்று தனி வரியே இருந்தது.

தோசைக்கல்லுக்குப் பெயர் வந்த காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. மடிக்கணினி என்றுதான் அதற்கும் பெயர். மடியில் வைத்தால் கால்சட்டை அயன் பண்ணுப்பட்டுவிடும். உள்ளே இருக்கும் விசிறி அந்தச் சூட்டைத் தாங்காமல் மூச்சு வாங்கும். இறக்கக்கண்டியில் ஒரு வீட்டு முற்றத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு விபரம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டம்மா என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கணினியையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுக்கு இழுப்பு இருக்கோ?"

"இல்லையம்மா, சூட்டுக்கு இப்பிடித்தான்."

"கொஞ்சம் ஓய விடுங்கோவன். நாங்கள் எங்கயும் ஓடேல்லைத்தானே."

வெள்ளி மெல்லியது, வடிவானது, கையில் எடுத்தால் பாரமே தெரியாது. வெளிநாட்டுச் சஞ்சிகைகள் புகழ்ந்து தள்ளிய அத்தனை வசதிகளும் அதில் இருந்தன. மூடியின் மேல் விளிம்பில் ஒரு குட்டிக் கமராவும் இருந்தது. கறுப்பன் அதற்கு நேர் எதிர். சதுரம், பாரம், அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஒரு முழுக் கோப்பைத் தேத்தண்ணி அதன் தட்டச்சுப் பலகையில் ஊற்றுப்பட்டபோது, கவிழ்த்துப் பிடித்து வடித்துவிட்டு, பின்னேரமே வேலையைத் தொடர்ந்தோம். நிலாவெளி வீதியில் ஓட்டோவிலிருந்து ஒரு தரம் விழுந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால் வீதியில்தான் ஒரு கீறல்.

இவற்றையெல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதிப் புள்ளி போட்டு வந்தேன். ஏன் என்று கேட்கக் கூடாது. சிலர் முத்திரை சேர்ப்பார்கள். மூடியை ஒற்றை விரலால் திறக்க முடிகிறதா, ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் உடல் நெளிகிறதா, விரல் மொழியால் தட்டினால் என்ன சத்தம் வருகிறது, எல்லாம் பார்ப்பேன். இரண்டு கண் வைத்தியர்களும் ஒரு பாடசாலை அதிபரும் என்னிடம் ஆலோசனை கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் என் கொப்பியில் சோதனைச் சாவடிக்கென்று கோடு போட்டு வைத்திருந்த முக்கியமான நிரல் உலகத்தில் வேறெந்தச் சஞ்சிகையிலும் இருந்திருக்காது. சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் போனாலும் சோதனைச் சாவடி. பையைத் திறந்தால் கணினி. கணினி என்றால் போட்டுக் காட்ட வேண்டும். திரையில் படம் வந்தால் அது கணினி, வராவிட்டால் அது என்ன என்பதை நாங்கள்தான் விளக்க வேண்டும். கறுப்பன் முக்கால் நிமிஷத்தில் கண் விழிப்பான். தோசைக்கல்லுக்கு நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் எனக்குப் பின்னால் வரிசையில் மீன் பெட்டியோடு நிற்பவர் என் பரம்பரையைப் பற்றி என் காதுபடக் கதைத்துக்கொண்டிருப்பார்.

வெள்ளியை முதல்முறை கொண்டுபோன நாள்தான் என் புள்ளி முறையையே தலைகீழாக்கியது. சாவடியில் நின்ற இளம் சிப்பாய் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினான். அவனுக்கு ஓரளவு தமிழ் தெரியும்.

"ஏன் பாரம் இல்லை? உள்ளுக்கு சாமான் எங்க?"

"இது அப்பிடித்தான். புது மாதிரி."

போட்டுக் காட்டினேன். நான் எதை அழுத்தினேனோ தெரியாது, திரையில் அவனுடைய முகம் வந்துவிட்டது. அவன் திடுக்கிட்டுப் பின்னால் போனான். பிறகு கிட்ட வந்தான். பிறகு தொப்பியைக் கழற்றித் தலைமயிரைத் தடவிவிட்டு ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தான். அடுத்தவனைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் ஆறு பேர் என் கணினிக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னிடமே சீப்பு கேட்டான். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மீன் பெட்டிக்காரர் என் பரம்பரையை முடித்துவிட்டு அவர்களுடைய பரம்பரைக்கு மாறியிருந்தார், நல்ல வேளையாகக் கொஞ்சம் தணிந்த குரலில்.

அப்போதுதான் அவர்களுடைய பெரியவர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: துறைமுகப் பக்கம் கமராவோடு ஏன் போகிறாய்? எங்கள் ஊரில் கமரா என்றால் அது சின்ன விஷயமில்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கையில் எடுத்தாலே விசாரணைதான். இது கணினிக்குள்ளேயே இருக்கிற கமரா, கழற்ற ஏலாது என்று விளக்கி முடிக்க எனக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. அந்த ஆறு பேரும் என்னைத் தெரியாதவர்கள் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கந்தோருக்கு வந்ததும் கொப்பியைத் திறந்து சிவப்புப் பேனையால் எழுதினேன்: கமரா, பத்துப் புள்ளி கழிவு. கமரா இல்லாமை, பத்துப் புள்ளி. மெல்லிசாக இருப்பது, கழிவு. பாரம், புள்ளி. வெள்ளி நிறம் வெயிலில் பளபளத்துத் தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும் என்பதால் அதற்கும் கழிவு. கடைசிக் கணக்கில் கறுப்பன் முதலாம் இடம், வெள்ளிக்குப் பூச்சியத்துக்குக் கீழே.

இந்தக் கட்டத்தில்தான் தங்கச்சிக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுவிசில். புரோக்கர் கொண்டுவந்த படத்தில் கறுப்புக் கண்ணாடியும் இறுக்கிய வாயுமாக ஒரு காரில் சாய்ந்துகொண்டு நின்றார். ஹோட்டலில் மனேச்சர் என்று சொன்னார் புரோக்கர். சாதகம் பொருந்தியது. அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா இல்லாத வீடு, சண்டை தொடங்கிவிட்ட ஊர், மகள் எங்கேயாவது பத்திரமாக இருந்தால் போதும் என்பது அவருடைய நினைப்பு.

தங்கச்சி ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திகதி பார்ப்பாள். பிஸ்கட் பக்கெற்றையே இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பாள். படத்தையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குத் திகதி முடிஞ்சு கன காலம்" என்றாள். "காரைப் பாருங்கோ, எந்தக் காலத்துக் கார். வாயை ஏன் இறுக்கி வைச்சிருக்கிறார்? பல்லு இருக்கோ இல்லையோ?"

"நல்ல இடம் பிள்ளை" என்றார் அம்மா.

"நல்ல இடந்தான். அங்க போய் இறங்கின பிறகு வேற ஆள் வந்து நிண்டா நான் என்ன செய்யிறது? திரும்பி வாறதுக்கு ஊர் இருக்குமோ எண்டும் தெரியாது. ஆள் கதைக்கோணும், சிரிக்கோணும், நான் பாக்கோணும். பாத்திட்டுத்தான் ஓமோ இல்லையோ சொல்லுவன்."

நியாயமான பேச்சு. ஆனால் எங்கே வைத்துப் பார்ப்பது? நகரத்தில் இன்ரநெற் கடைகள் இருந்தன. ஒவ்வொரு மேசைக்கும் நடுவில் நெஞ்சளவு பலகை. அங்கே மாப்பிள்ளை பார்த்தால் பஸ் நிலையம் வரைக்கும் எல்லோரும் சேர்ந்து மாப்பிள்ளை பார்த்த மாதிரித்தான். எங்கள் வீட்டுத் தொலைபேசியில் அப்போதுதான் இன்ரநெற் இணைப்பு எடுத்திருந்தோம். குறை, கணினி மட்டும். அதை மாப்பிள்ளையே தீர்த்து வைத்தார். தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, ஊருக்கு வருகிற ஒருவரிடம் ஒரு லப்டொப் கொடுத்துவிடுகிறேன், எந்தக் கொம்பனி என்று நீங்களே சொல்லுங்கோ என்றார்.

என்னைப் போய்க் கேட்டார்! நான் அன்றைக்கே மூன்று பக்கக் கடிதம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினேன். கறுப்பனின் கொம்பனி, அதே மொடல், கமரா இல்லாதது, கட்டாயம் கமரா இல்லாதது, பாரமானது. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது என் மனதில் தங்கச்சி இல்லை. அவள் சுவிஸ் போனபின் அந்தக் கணினி யாருக்கு மிஞ்சும், அதை எந்தெந்தச் சாவடிகளுக்குள்ளால் கொண்டு போகலாம் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சியின் பெயரில் எனக்குக் கணினி தெரிவு செய்தேன்.

மாப்பிள்ளையின் பதில் பத்து நாள் கழித்து வந்தது. நீங்கள் சொன்ன மாதிரி இப்போது கடைகளில் இல்லையாம், எல்லாம் கமராவோடுதான் வருகிறதாம், ஆறு கடை ஏறி இறங்கி ஒன்று பிடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கொழும்புக்குப் போய் அதை வாங்கி, பஸ்சில் கொண்டு வந்தேன். வழியில் எத்தனை தரம் இறக்கினார்களோ அத்தனை தரமும் திறந்தேன். முக்கால் நிமிஷம், படம், மூடு, போ. ஒரு சிப்பாய் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அந்தக் கொட்டாவிதான்.

வீட்டில் மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, இறுக்கமான பிணைச்சல், தண்ணி வடியும் துளை, தட்டச்சுப் பலகையின் அமைப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். தங்கச்சி கைகட்டிக்கொண்டு கேட்டாள்.

"எல்லாம் சரி அண்ணா. கமரா எங்க?"

"அதுதானே இதின்ர சிறப்பு. கமரா இல்லை!"

வாய் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மூளை விஷயத்தை விளங்கிக்கொண்டது. அவள் என்னைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"அப்ப அந்தத் தம்பி இவளை எப்பிடிப் பாக்கிறது?"

"அவரின்ர பக்கம் கமரா இருக்கம்மா. நாங்கள் அவரைப் பாக்கலாம்" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"உலகத்தில எல்லாரும் கமரா வேணும் எண்டு கேட்டு வாங்குவினம்" என்றாள் தங்கச்சி. "நீங்கள் கமரா வேண்டாம் எண்டு மூண்டு பக்கம் எழுதியிருக்கிறீங்கள். அந்த மனிசன் என்ன நினைச்சிருக்கும்? பொம்பிளைக்கு மூக்கு இல்லை, மறைக்கினம் எண்டு நினைச்சிருக்காதோ?"

அன்றிலிருந்து அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சாப்பாட்டைப் போட்டுக் கோப்பையை மேசையில் 'டங்' என்று வைப்பார், அவ்வளவுதான். அந்தச் சாவடிக் கதைக்குப் பிறகு வெள்ளியைக் கந்தோர் வாசலைத் தாண்ட விடுவதில்லை. தனியாகப் பொருத்தும் கமரா ஒன்று வாங்கலாம் என்று நகரத்துக்கு ஓடினேன். விற்ற ஒரே கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், எதற்கு என்ற காரணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் 'தங்கச்சியைக் காட்ட' என்று எழுதத் தொடங்கி, அது எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்து, தாளைக் கிழித்துவிட்டு வந்துவிட்டேன். சம்பந்தம் குழம்பினால் அது என்னால்தான். எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

குறித்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், அவருக்குக் காலை. அம்மா அலுமாரியிலிருந்து நீலச் சேலையை எடுத்து வைத்திருந்தார்.

"ஆருக்கு?" என்றாள் தங்கச்சி. "அவருக்குத்தான் நான் தெரியமாட்டனே."

வீட்டுச் சட்டையோடு, தலையில் எண்ணெய் வழிய, அள்ளி முடிந்த கொண்டையோடு, ஒரு கோப்பை நிறைய உப்பும் தூளும் பிரட்டிய மாங்காயையும் எடுத்துக்கொண்டு வந்து கணினிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மா. பின்னால் குற்றவாளியாக நான்.

மாப்பிள்ளை திரையில் வந்தார். கோட், ரை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. படத்தில் இருந்ததைவிட நெற்றி இரண்டு விரல் மேலே ஏறியிருந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கிறவர் மாதிரி ஆடாமல் அசையாமல் இருந்து வணக்கம் சொன்னார். அவருக்கு முன்னால் இருந்தது வெறும் கறுப்புச் சதுரம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண் அலைந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பு அப்பா வீட்டுக்காரர் தன்னைப் பார்க்க வந்து கேட்டதையெல்லாம் ஞாபகத்தில் வைத்திருந்து, ஒன்று விடாமல் அந்த மனிதனிடம் கேட்டார். சமைக்கத் தெரியுமோ? தேவாரம் பாடத் தெரியுமோ? அவர் பாடினார். உள்ளபடி சொல்ல வேண்டும், சுருதி சேரவில்லை. தங்கச்சி மாங்காயைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி ரசிப்பது போல நடித்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தம்பி, எழும்பி ஒருக்கா நடந்து காட்டுவீங்களோ?" என்றார் அம்மா.

அவர் முகம் மாறியது. "அது... எழும்பினா கமரா ஆடும் அம்மா."

அம்மா வாயை என் காதருகே கொண்டு வந்தார். "காலில ஏதோ இருக்கு." ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

தங்கச்சி இப்போதுதான் கேள்வி கேட்கத் தொடங்கினாள். ஹோட்டலில் என்ன மாதிரி வேலை என்றாள். பொறுப்பான வேலை என்றார் அவர். எத்தனை பேருக்குப் பொறுப்பு என்றாள். அவர் ரையைச் சரிசெய்தார். தங்கச்சியின் முகத்தில் திகதி தேடும் பார்வை வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, எங்கள் பக்கத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்த ஏதாவது வழி இருக்கிறதா என்று சைகையால் கேட்டாள். இருக்கிறதா என்று கேட்டாளே! இந்தப் புதுக் கறுப்பனில் அதற்கென்று தனிப் பொத்தானே உண்டு. காட்டினேன். அழுத்தினாள்.

"ஹலோ?" என்றார் அவர். "ஹலோ, கேக்குதோ? ஹலோ?"

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். "கரண்ட் போயிட்டுது போல" என்று தனக்குத்தானே சொன்னார். இணைப்பை வெட்டவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். ரையைத் தளர்த்தினார். கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார்.

மேலே கோட், கீழே இடுப்பில் சுற்றிக் கட்டிய சாரம். நீலக் கட்டம் போட்ட சாரம்.

"காலுக்கு ஒண்டுமில்லை!" என்று அம்மா கைகொட்டினார். தங்கச்சி மாங்காய் புரையேறிக் கண் கலங்கச் சிரித்தாள். நான் சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் இருந்துவிட்டேன். அந்த வீட்டில் அப்படி மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அவர் அங்குமிங்கும் நடந்தார், ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், வந்து இருந்தார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்து, வாசிக்கத் தொடங்கினார்.

"உங்களிட்ட ஒரு விசயம் சொல்லோணும். புரோக்கர் சொன்னது..." நிறுத்தினார். தலையை ஆட்டினார். திரும்பத் தொடங்கினார். "நீங்கள் கோவிக்கக் கூடாது. நான் ஹோட்டலில வேலை எண்டது உண்மை. ஆனா..." இதுவும் பிடிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டார்.

"நான் குசினியில கோப்பை கழுவுறனான்" என்றார். "ஒன்பது வருசமாக் கழுவுறன். போன வருசம் தொடக்கம் மரக்கறியும் வெட்ட விடுகினம். அந்தப் படம் பழசு. கார் என்ர இல்லை." மடித்த தாளை இன்னொரு தரம் மடித்தார். பிறகு மெல்லச் சொன்னார். "சொன்னா வேண்டாம் எண்டுவீங்கள். சொல்லாட்டி இங்க வந்து பாத்திட்டு அழுவீங்கள். நான் என்ன செய்யிறது?"

எங்கள் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கதவு இடுக்கால் ஒருவர் அழுவதைப் பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. "பாவம், நிப்பாட்டு பிள்ளை" என்றார் அம்மா. தங்கச்சியின் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. கோபமா, என்ன என்று அவள் முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அழுத்தினாள்.

"இப்ப கேக்குதோ?"

அவர் துள்ளி எழும்பப் பார்த்து, சாரம் ஞாபகம் வந்து, அப்படியே இருந்தார். ரையை இறுக்கினார். "ஓம், ஓம், கேக்குது. கரண்ட் போனதோ?"

ஓம் என்று சொல் என்று நான் கையால் காட்டினேன். அம்மாவும் தலையாட்டினார். அவ்வளவுதான் வேண்டியது, ஒரு ஓம். எங்கள் ஊரில் கரண்ட் போவதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள்.

"இல்லை" என்றாள் தங்கச்சி. "கரண்ட் போகேல்லை. நான்தான் எங்கட சத்தத்தை நிப்பாட்டினனான். நீங்கள் கதைச்சதை முழுக்கக் கேட்டனான்."

சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அசையவில்லை.

"முழுக்கவோ?"

"முழுக்க."

"அப்ப சாரமும்..."

"சாரமும்."

அவர் குனிந்து சாரத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கிவிட்டார். முன் பல் ஒன்று மற்றதன்மேல் ஏறி நின்றது. அதை மறைக்கத்தான் படத்தில் வாயை இறுக்கியிருக்கிறார். மறைக்க மறந்துபோய், தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தங்கச்சி கதிரையில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோட் நல்லாயிருக்கு" என்றாள்.

"பக்கத்து அறைக்காரரின்ர கோட்."

அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் உங்களைப் பாத்திட்டன். நீங்கள் என்னை இன்னும் பாக்கேல்லை" என்றாள். "இது அண்ணா செய்த வேலை, வேணுமெண்டு மறைக்கேல்லை. எப்பிடியும் ஒரு கமரா தேடிப் பிடிக்கிறம். பாத்திட்டே முடிவு சொல்லுங்கோ."

"கரண்ட் போனது எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "நான் நம்பியிருப்பன். நீங்கள் சொல்லேல்லை. எனக்கு அது போதும்."

தங்கச்சி மாங்காய்க் கோப்பையை நிலத்தில் வைத்தாள். கையைச் சட்டையில் துடைத்தாள். எழும்பிப் போய்ச் சுவரில் கண்ணாடிக்குக் கீழே இருந்த சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, கண் என்று ஒன்று இல்லாத அந்தக் கறுப்புக் கணினிக்கு முன்னால் நின்று, கொண்டையை அவிழ்த்தாள்.

"ஹலோ?" என்றார் அவர். "இருக்கிறீங்களோ? திரும்பவும் நிப்பாட்டிப் போட்டீங்களோ?"

"இல்லைத் தம்பி, இஞ்சதான் நிக்கிறா" என்றார் அம்மா. "தலை இழுக்கிறா."